கணினியின் வேகமும் தாய்ப்பலகையின் துணையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவ அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



மலிவான கணினியொன்றை அதற்குக் குறித்த வேகத்திற்கு மேலே ஓட்டுவது எங்ஙனம், அதற்கு ஏற்ற தாய்ப்பலகையைத் தெரிவது எங்ஙனம் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இம்மேடையில் வழக்கமாகப் பேசப்படும் பொருள்களை நோக்க இது மிகச் சிறியதொன்றாகத் தோன்றலாம். ஆயினும் இன்று கணினி இல்லாமற் படிக்கும் மாணவர் அரியர். அக்கணினியோ, பெரும்பாலான வீடுகளிற் பெற்றோரின் பல மாதச் சேமிப்பு. அச்சேமிப்பு ஆராய்ந்து செலவிடப்படுதல் வேண்டும். ஆராயாமற் செலவிட்டால் பணமும் போய், ஆண்டு முழுவதும் எழுதிய கட்டுரையும் போய்விடக் கூடும். இதனாலேயே இச்சிறு பொருளும் இச்சபையின் கவனத்திற்கு உரியதாகிறது எனத் துணிந்தோம்.

நாம் சொல்ல வந்த கருத்து ஒன்றே. கணினியின் புரொசெசர் மேல் எழுதப்பட்டிருக்கும் வேகம் அதன் உண்மையான எல்லை அன்று. ஆயினும் அதற்கு எல்லையே இல்லை என்பதும் இல்லை. அந்த எல்லையை அது எட்டுமா என்பதைத் தீர்மானிப்பது அதனைத் தாங்கி நிற்கும் தாய்ப்பலகை. ஆகவே, குறைந்த பணத்திற் கூடிய பயன் பெற விரும்புவோர் புரொசெசரைத் தனியே பார்த்து மயங்காமல், அதற்குத் துணையாகும் பலகையை முதலில் ஆராய்தல் வேண்டும்.

சொற்களை முதலில் விளக்கிவிடுவோம். கணக்கிடும் வேலையைச் செய்யும் உறுப்பைப் பாடநூல்கள் முறைவழியாக்கி என்கின்றன. கடைத்தெருவில் அதற்குப் பெயர் புரொசெசர். நாமும் அப்படியே அழைப்போம். அந்தப் புரொசெசர், நினைவகம், வன்தட்டு முதலிய யாவும் வந்து பொருந்தும் பெரிய பலகையே மதர்போட் எனப்படும் தாய்ப்பலகை. ஓவர்க்ளொக்கிங் என்பது, தயாரித்தவர் குறித்த வேகத்திற்கு மேலாகப் புரொசெசரை ஓட்டுதல். இதனை மிகைவேகமூட்டல் எனலாம்.

இனி, வேகம் என்பது யாது? நாதஸ்வரக் கச்சேரி ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஒழுங்காகத் தாளம் போடுகிறார். தவில் வித்துவான் அந்த ஒரு தட்டுக்குள் நான்கு சொற்களையோ எட்டுச் சொற்களையோ அடக்கி வாசிக்கிறார். கணினியிலும் நிகழ்வது இதுவே. தாய்ப்பலகையில் ஒரு பளிங்குத் துண்டு இடையறாது அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதனை ஆதாரமாகக் கொண்டு ஒரு மின்சுற்று செக்கனுக்கு இத்தனை கோடி தட்டு என்று தாளம் போடுகிறது. இது பலகையின் அடிப்படை மீடிறன். புரொசெசர் அந்த ஒவ்வொரு தட்டையும் ஓர் எண்ணாற் பெருக்கித் தன் வேகத்தை அமைத்துக்கொள்கிறது. அந்த எண்ணைப் பெருக்கெண் என்போம். ஆகவே வேகத்தைக் கூட்ட வழிகள் இரண்டே. பெருக்கெண்ணைக் கூட்டலாம், அன்றேல் தாளத்தையே விரைவாக்கலாம். முதலாவது தவில்காரரை மாத்திரம் விரைவாக வாசிக்கச் செய்வது. இரண்டாவதோ, மேடையில் உள்ள அனைவரையும் விரைவாக்கிவிடுவது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துங்கள், பின்னர் உதவும்.

தயாரித்தவரே ஒரு வேகத்தை எழுதி விற்கும்போது, அதற்கு மேல் ஓடும் வலிமை புரொசெசருக்கு எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். புரொசெசர்கள் ஒவ்வொன்றாகச் செய்யப்படுவதில்லை. வட்டமான சிலிக்கன் தகடு ஒன்றிற் பல புரொசெசர்கள் ஒருங்கே உருவாக்கப்பட்டுப் பின்னர் வெட்டிப் பிரிக்கப்படுகின்றன. ஒரு தகட்டிற் பிறந்தவையெனினும் அவை யாவும் ஒத்த வலிமை உடையன அல்ல. ஒன்று அதிக வேகம் தாங்கும், மற்றொன்று தாங்காது. ஆகவே சோதித்து, தரம் பிரித்து, வேகத்தைக் குறித்து விற்கிறார்கள். ஆனால் தொழிற்சாலையின் கைத்திறன் முதிர முதிர, பெரும்பாலானவை உயர்ந்த வேகத்தைத் தாங்கும் நிலை வந்துவிடுகிறது. சந்தையிலோ மலிவானதை வாங்குவோரே மிகப் பலர். அவர்களுக்காக நல்ல புரொசெசர்களின் மேலும் குறைந்த வேகம் குறிக்கப்படுகிறது. அதாவது, முத்திரையிற் காணும் எண் வலிமையை மாத்திரம் காட்டுவதன்று. வியாபாரத்தின் தேவையையும் காட்டுவது. இந்த இடைவெளியே மிகைவேகமூட்டலுக்கு இடம் தருகிறது.

இதற்குச் சரித்திரத்திற் சிறந்த உதாரணம் 1998 ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் இன்ரெல் நிறுவனம் செலரோன் என்னும் மலிவான புரொசெசரை வெளியிட்டது. செலவைக் குறைக்கும்பொருட்டு அதில் இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகம் முற்றாக நீக்கப்பட்டிருந்தது. அடிக்கடி தேவைப்படும் தரவுகளைக் கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருக்கும் சிறு களஞ்சியமே பதுக்கு நினைவகம். அது இன்மையால் அப்புரொசெசர் பல வேலைகளிற் பின்தங்கி, வாங்கியவரின் ஏளனத்திற்கு ஆளாயிற்று.

குறையை உணர்ந்த இன்ரெல் அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் செலரோன் 300ஏ என்பதை வெளியிட்டது. அதில் 128 கிலோபைற் பதுக்கு நினைவகம் புரொசெசரின் உள்ளேயே அமைந்து, புரொசெசரின் முழு வேகத்திலும் ஓடியது. அக்காலத்து விலையுயர்ந்த பென்ரியம் 2 இற்கு 512 கிலோபைற் இருந்தது உண்மையே. ஆனால் அது தனியான சிப்புகளில் இருந்து, புரொசெசரின் வேகத்திற் பாதியிலேயே ஓடியது. ஆகவே களஞ்சியம் சிறிதாயினும் செலரோனின் கை அதனை விரைவாக எட்டியது.

விலையைப் பாருங்கள். மொத்தமாக வாங்கும் வியாபாரிகளுக்கு 300ஏ இன் விலை 149 டொலர். ஒரே நாளில் வெளியிடப்பட்ட 450 மெகாஹேர்ட்ஸ் பென்ரியம் 2 இன் விலை 669 டொலர். 300ஏ இன் தாளம் 66 மெகாஹேர்ட்ஸ், பெருக்கெண் நாலரை. இவ்விரண்டையும் பெருக்க ஏறக்குறைய 300 வருகிறது. பெருக்கெண்ணை எவரும் மாற்ற இயலாதபடி இன்ரெல் பூட்டிவிட்டது. ஆனால் தாளத்தை 66 இலிருந்து 100 ஆக்கினால் என்னவாகும்? நாலரை நூறு, 450. விலையில் நான்கில் ஒரு பங்கும் இல்லாத புரொசெசர், விலையுயர்ந்ததன் வேகத்திற்கே வந்துவிடுகிறது. அவ்வாறு ஓட்டிப் பார்த்தவர்களிற் பலர் வெற்றி கண்டனர். சிலருடையவை சற்று அதிக மின்னழுத்தம் கொடுத்த பின்னரே நிலைபெற்றன. சிலருடையவை எவ்வளவு முயன்றும் இசையவில்லை. ஒரே தகட்டிற் பிறந்தாலும் வலிமை வேறுபடும் என்று முன்னர் சொன்னதன் பொருள் இதுவே.

இதில் ஒரு விநோதமும் உண்டு. அதே நாளில் 333 மெகாஹேர்ட்ஸ் செலரோனும் வந்தது. அதன் விலை கூட. முத்திரையிலுள்ள எண்ணும் கூட. ஆனால் அதன் பெருக்கெண் ஐந்து. தாளம் 100 ஆனால் வேகம் 500 ஆகிவிடும். அக்காலத்துப் புரொசெசர்களுக்கு அது பெரும் பாரம். ஆகவே மிகைவேகமூட்ட விரும்பியவர்களுக்கு, கூடிய விலை கொடுத்து வாங்கிய 333 ஐ விட மலிவான 300 ஏ யே வாய்ப்பாக அமைந்தது. பெரிய எண்ணைக் கண்டு வாங்குவோர் ஏமாறுவதும், கணக்கைப் பார்த்து வாங்குவோர் பயன் பெறுவதும் இங்ஙனமே.

இப்போது தாய்ப்பலகைக்கு வருவோம். 300ஏ ஐ வாங்கிய அனைவருக்கும் 450 கிட்டிவிடவில்லை. மலிவான செலரோனுக்கு மலிவான பலகை போதுமென்று எண்ணியவர்கள், 66 மெகாஹேர்ட்ஸ் தாளத்திற்கென அமைந்த சிப்செற் உள்ள பலகைகளை வாங்கினார்கள். அவற்றிற் சிலவற்றில் 75 அல்லது 83 வரை தாளத்தை ஏற்ற முடிந்தது. 100 ஐத் தொட முடியவில்லை. தொட முடியாதது மாத்திரமன்று; 83 இல் ஓட்டியவர்களுக்கு வேறொரு கேடும் நேர்ந்தது.

மேடையில் அனைவரும் விரைவாக வேண்டும் என்று சொன்னோமே, அதை நினைவிற் கொள்ளுங்கள். வன்தட்டையும் ஏனைய அட்டைகளையும் இணைக்கும் பி.சி.ஐ. பாதை 33 மெகாஹேர்ட்ஸில் ஓட வேண்டியது. அது தன் வேகத்தைப் பலகையின் தாளத்தைப் பிரித்தே பெறுகிறது. 66 ஐ இரண்டாற் பிரித்தால் 33, சரி. 83 ஐ இரண்டாற் பிரித்தால் 41 இற்கு மேல். இது அளவு கடந்தது. புரொசெசர் தாங்கினாலும் வன்தட்டை ஆளும் சுற்றுத் தாங்கவில்லை. கணினி ஓடிக்கொண்டேயிருக்கும், ஆனால் வன்தட்டில் எழுதப்படும் தரவு பழுதாகிக்கொண்டே வரும். சில நாள் கழித்துக் கோப்பைத் திறக்கும்போதுதான் நட்டம் வெளிப்படும்.

440பி.எக்ஸ். என்னும் சிப்செற் உள்ள பலகைகளிலோ 100 மெகாஹேர்ட்ஸ் என்பது தயாரித்தவரே ஒப்புக்கொண்ட தாளம். அங்கே 100 ஐ மூன்றாற் பிரிக்க ஏற்பாடு இருந்தது. விடை மீண்டும் 33. ஆகவே புரொசெசர் ஒன்றைத் தவிர மேடையில் ஏனைய அனைவரும் தமக்குரிய அளவிலேயே வாசித்தார்கள். நினைவகமும் 100 இற்கெனச் செய்யப்பட்டதாக இருந்தால் அதற்கும் சிரமம் இல்லை. 83 இல் ஓடிய கணினி தரவை அழித்தது. 100 இல் ஓடிய கணினி நிம்மதியாக வேலை செய்தது. கூடிய தாளம் பாதுகாப்பானதும் குறைந்த தாளம் ஆபத்தானதும் ஆன இப்புதுமைக்குக் காரணம் பலகையே அன்றி வேறில்லை.

அக்காலத்திற் தைவானைச் சேர்ந்த அபிற் நிறுவனத்தின் பி.எச்.6 என்னும் பலகை இளைஞரிடையே பெரும் புகழ் பெற்றது. முன்னைய பலகைகளிற் சிறு ஊசிகளின் மேல் தொப்பிகளை மாற்றி மாற்றிச் செருகியே வேகத்தை அமைக்க வேண்டியிருந்தது. இப்பலகையிலோ, கணினி தொடங்கும்போது தோன்றும் பயொஸ் திரையிலேயே தாளத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்றலாம். அத்தகைய வசதி இல்லாத பலகை வைத்திருந்தவர்கள், புரொசெசர் அட்டையின் பி21 என்னும் தொடுகையை ஒரு சிறு ஒட்டுத்தாளால் மூடினார்கள். அத்தொடுகையின் வழியாகவே, எனக்கு 66 போதும் என்று புரொசெசர் பலகைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாய் அடைக்கப்பட்டதும் பலகை தானாக 100 ஐக் கொடுத்தது. 1999 இல் வந்த அபிற் பி.பி.6 என்னும் பலகையோ, இரண்டு செலரோன்களை ஒருங்கே தாங்கி, வசதி படைத்தோருக்கே உரியதாயிருந்த இரட்டைப் புரொசெசர்க் கணினியை மாணவர் கைக்கும் எட்டச் செய்தது.

பின்னரும் இத்தகைய சந்தர்ப்பங்கள் வந்தன. 2000 ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட டியூரோன் புரொசெசரின் மேற்பரப்பிற் சில சிறு புள்ளிகள் துண்டிக்கப்பட்டிருந்தன. சாதாரணப் பென்சிலால் அவற்றிடையே கோடு கீறினால், பென்சிலின் காரீயம் மின்னைக் கடத்த, பூட்டிய பெருக்கெண் திறந்துகொண்டது. 2011 இல் இன்ரெல் தன் புதிய அமைப்பில் ஏறக்குறைய எல்லா உறுப்புக்களையும் 100 மெகாஹேர்ட்ஸ் என்ற ஒரே தாளத்தோடு பிணைத்துவிட்டது. அதன் பின் தாளத்தை விரைவாக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டது. பெருக்கெண் திறந்த புரொசெசர்களுக்குக் கே என்ற எழுத்தைச் சேர்த்து, கூடிய விலைக்கு விற்கலாயினர்.

2014 இல் மாத்திரம் ஒரு விதிவிலக்காக, பென்ரியம் ஜி3258 என்னும் மலிவான புரொசெசரைப் பெருக்கெண் திறந்தபடி வெளியிட்டனர். 3.2 கிகாஹேர்ட்ஸ் எனக் குறித்த அது, நல்ல பலகையில் 4 ஐயும் தாண்டி ஓடியது. ஆனால் அதற்குக் கருக்கள் இரண்டே. அதே ஆண்டின் முடிவில் வந்த விளையாட்டுக்களிற் சில, வெளிவந்த வேளையில், இரண்டு கருக்கள் மாத்திரம் உள்ள கணினியில் தொடங்கவே மறுத்தன. நான்கு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு இருவரை எவ்வளவு விரட்டினாலும் ஈடாகாத இடமும் உண்டு என்பதை அது காட்டிற்று.

இனி, இக்காலத்திற் பலகை வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம். இளம் அங்கத்தவர்கள் இவற்றைக் குறித்துக்கொள்வது நலம்.

முதலாவது, சொக்கற். புரொசெசர் அமரும் குழியின் பெயர் ஒன்றாயிருந்தாற் போதுமென்று எண்ணலாகாது. இன்ரெல் நிறுவனத்தின் 1151 தொடுகைகள் கொண்ட சொக்கற் 2015 இல் வந்தது. 2017 இல் வந்த எட்டாம் தலைமுறைப் புரொசெசருக்கும் தொடுகைகள் 1151 தான். குழியிலும் அழகாக அமரும். ஆனால் முன்னைய பலகைகளில் அது இயங்குவதற்கு ஆதரவு அளிக்கப்படவில்லை. புதிய 300 வரிசைச் சிப்செற் உள்ள பலகையே வேண்டியிருந்தது. பொருந்துவது வேறு, இசைவது வேறு.

இரண்டாவது, பயொஸ். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சொக்கற் இதற்கு மறுபக்கம். பல தலைமுறை றைசென் புரொசெசர்கள் அதே குழியில் அமர்கின்றன. ஆயினும் கடையிற் பல மாதம் கிடந்த பலகையின் பயொஸ், பின்னர் பிறந்த புரொசெசரை அறியாது. திரையில் ஒன்றும் தோன்றாமல் நிற்கும்போது பலர் புரொசெசர் பழுது என்று கலங்குகிறார்கள். பலகை தயாரித்தவர் எந்தப் புரொசெசருக்கு எந்தப் பயொஸ் வேண்டும் என்ற அட்டவணையை வெளியிட்டிருப்பார். அதனை வாங்குமுன் பார்த்தல் வேண்டும். புரொசெசர் இல்லாமலே பயொஸைப் புதுப்பிக்கும் வசதி சில பலகைகளில் உண்டு. அது சிறு பலகைக்கும் பெரும் பலம்.

மூன்றாவது, சிப்செற் தரும் உரிமை. றைசென் புரொசெசர்களிற் பெரும்பாலானவற்றின் பெருக்கெண் திறந்தே இருக்கிறது. ஆனால் ஏ320, ஏ520 ஆகிய சிப்செற் உள்ள பலகைகள் அதனை மாற்ற விடா. பி350, பி450, பி550 ஆகியவை விடும். 2022 இல் வந்த ஏ.எம்.5 சொக்கற்றிலும் பி650 அனுமதிக்கும், ஏ620 அனுமதியாது. இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு பெரும்பாலும் சிறிதே. அச்சிறு தொகையை மிச்சம் பிடிக்கப் போய், புரொசெசரின் வலிமைக்குப் பூட்டுப் போடுவோர் பலர்.

நான்காவது, நினைவகம். டி.டி.ஆர்.4 உம் டி.டி.ஆர்.5 உம் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராதவை. 2021 இல் வந்த இன்ரெல் 1700 சொக்கற்றிற்கு இரு வகைப் பலகைகளும் விற்கப்படுகின்றன. கையில் உள்ள நினைவகம் எது, வாங்கும் பலகை எதைக் கேட்கிறது என்று பார்த்தல் வேண்டும்.

ஐந்தாவதே தலையாயது. அது பலகையில் மின்னை ஒழுங்குபடுத்தும் பகுதி. மின்வழங்கியிலிருந்து 12 வோல்ற் அளவில் வரும் மின்னைப் புரொசெசருக்கு ஏற்ற ஏறக்குறைய ஒரு வோல்ற் அளவிற்குக் குறைத்து, ஏற்றத்தாழ்வு இன்றிக் கொடுப்பது அதன் கடமை. வேகம் கூடக் கூட அதன் பாரமும் கூடுகிறது. எவ்வளவு கூடுகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்குண்டு. புரொசெசர் உண்ணும் வலு, மீடிறனுக்கு நேர்விகிதமாகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதமாகவும் வளரும். முன்சொன்ன செலரோனை எடுத்துக்கொள்வோம். 300 இலிருந்து 450 என்பது ஒன்றரை மடங்கு. மின்னழுத்தத்தை 2 வோல்றிலிருந்து 2.2 வோல்ற் ஆக்கினால், 1.1 இன் வர்க்கம் 1.21. இரண்டையும் பெருக்க 1.8 இற்கு மேல் வருகிறது. வேகம் பெற்றது பாதி மடங்கு. வெப்பம் பெற்றது ஏறக்குறைய இன்னொரு மடங்கு. அந்த வெப்பம் புரொசெசரை மாத்திரம் அன்று, அதற்கு மின் ஊட்டும் பகுதியையும் சுடும். அப்பகுதியின் மேல் உலோக வெப்பக் கடத்தி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கண்ணாற் பார்த்தே அறியலாம். வெறுமையாய் விடப்பட்ட மலிவுப் பலகையில் மிகைவேகமூட்ட முனைவது, வற்றிய கிணற்றிற்குப் பெரிய பம்பி பூட்டுவதை ஒக்கும்.

எமது நாட்டின் வெப்பத்தையும் மறந்துவிடலாகாது. குளிர் நாட்டில் ஒருவர் சோதித்துச் சொல்லும் வேகம், மின்விசிறி மாத்திரம் சுழலும் எமது அறைகளில் அப்படியே கிட்டாது. வெப்பத்தை அகற்றும் கருவி எதுவாயினும், அது விசிறியாக இருக்கும்வரை, புரொசெசரைச் சூழ்ந்த காற்றினும் குளிராக்க வல்லதன்று. அறை 10 பாகை கூடினால் புரொசெசரும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். எனவே பிறர் கண்ட எண்ணை எமது எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், எமது அறையில், எமது கணினியிற் சோதித்தே அறிதல் வேண்டும்.

சோதனை என்றாற் கணினி தொடங்கிவிட்டது, படம் ஓடுகிறது என்று பார்ப்பதன்று. எல்லை கடந்த புரொசெசர் எப்போதும் சட்டென்று நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் அது நிற்காமலே பிழையான விடையைத் தரும். நின்றுபோகும் கணினி நேர்மையானது. தன்னால் இயலாது என்று சொல்லிவிடுகிறது. பிழை விடையை உறுதியோடு தருவதே அஞ்சத்தக்கது. இதனைக் கண்டுபிடிக்க நல்ல கருவிகள் உண்டு. மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் முயற்சி ஒன்று 1996 இல் ஜோர்ஜ் வோல்ற்மன் என்பவரால் தொடங்கப்பட்டது. அதற்கென எழுதப்பட்ட பிரைம் 95 என்னும் செய்நிரல், விடை ஏலவே அறியப்பட்ட கடினமான கணக்குகளைப் புரொசெசரிடம் கொடுத்து, வரும் விடையை ஒத்துப் பார்க்கிறது. ஓர் இலக்கம் பிசகினாலும் அறிவித்துவிடும். சிறிது சிறிதாக வேகத்தை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இச்சோதனையை நடத்தி, வெப்பமானியையும் பார்த்து, இறுதியிற் பல மணி நேரம் ஓடவிட்டு, பிழை கண்ட இடத்திலிருந்து ஒரு படி கீழே இறங்கி நிற்பதே முறை. நினைவகத்தைத் தனியே சோதிக்கும் செய்நிரல்களும் உண்டு. சோதனை முடியும்வரை முக்கியமான கோப்புக்களை வேறிடத்திற் பிரதி செய்து வைத்தல் அவசியம்.

இந்த இடத்திற் பெரியோர் ஒரு கேள்வி கேட்கலாம். குறைந்த விலை கொடுத்துக் கூடிய வேகத்தைப் பெறுவது ஒருவகைக் களவு ஆகாதா? நியாயமான கேள்வி. விலை கொடுத்து வாங்கிய பொருளை அதன் முழு வலிமைக்கும் பயன்படுத்துவது உடையவனின் உரிமை என்றே நாம் கருதுகிறோம். அதற்குரிய நட்டத்தையும் அவனே ஏற்கிறான். பழுதானால் உத்தரவாதம் கேட்க முடியாமற் போகலாம் என்பதை அறிந்தே செய்கிறான். களவு வேறிடத்தில் இருந்தது. 1990 களிற் சில வியாபாரிகள் மலிவான புரொசெசரின் எண்ணை அழித்து, உயர்ந்த எண்ணை அச்சிட்டு, உயர்ந்த விலைக்கு விற்றார்கள். அது வஞ்சகம். மிகைவேகத்திற் பல ஆண்டு ஓட்டிய கணினியை, அதைச் சொல்லாமல் இன்னொரு மாணவனுக்கு விற்பதும் அதே வகையிற் சேர்ந்ததே. செயல் ஒன்றாகத் தோன்றினும், தெரிந்து ஏற்பவனுக்கும் தெரியாமல் ஏமாற்றப்படுபவனுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

இளைஞர் கேட்கும் கேள்வி வேறு. 1998 இற் கிடைத்த லாபம் இன்றும் கிட்டுமா? கிட்டாது என்பதே உண்மை. இக்காலப் புரொசெசர்கள், வெப்பமும் மின்னும் இடம் கொடுக்கும் அளவிற்குத் தாமே வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்கின்றன. முன்னர் நாம் கையாற் பெற்றதிற் பெரும்பகுதியைத் தயாரித்தவரே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். சில வேளைகளில் அளவுக்கு மேலும் எடுத்துவிடுகிறார். இன்ரெல் நிறுவனத்தின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரொசெசர்களிற் சில, எவரும் மிகைவேகமூட்டாமலே நிலைகுலைந்தன. 2024 யூலையில் அந்நிறுவனம், அளவுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் அவற்றிற்குச் செல்ல நேர்ந்ததை ஒப்புக்கொண்டது. மறுமாதம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாத காலத்தையும் 2 ஆண்டுகள் நீடித்தது. முத்திரை வலிமையைக் குறைத்துக் கூறுவதும் உண்டு. கூட்டிக் கூறுவதும் உண்டு என்பதற்கு இவ்விரு கதைகளும் சான்று.

ஆகவே, குறைந்த பணத்தோடு கடைக்குச் செல்லும் மாணவருக்கு எமது ஆலோசனை இதுவே. போதிய நினைவகமும் வேகமான சேமிப்பகமும் முதலில் இருக்கட்டும். அவை இல்லாத கணினியை எவ்வளவு மிகைவேகமூட்டினாலும் பயன் சிறிது. அடுத்து, மின்னை ஒழுங்காகத் தரவல்ல, இன்னொரு தலைமுறைப் புரொசெசரையும் ஏற்கவல்ல நல்ல பலகையைத் தெரிந்தெடுங்கள். புரொசெசர் மலிவானதாயினும் குற்றமில்லை, பின்னர் மாற்றலாம். அதன் பின்னர் ஆர்வமும் பொறுமையும் இருந்தால் வேகத்தை ஏற்றிப் பாருங்கள். மீதமாகும் பணத்தை விடப் பெரிய லாபம் அதில் உண்டு. தாளம், பெருக்கெண், மின்னழுத்தம், வெப்பம் ஆகியவை ஒன்றையொன்று எங்ஙனம் பற்றி நிற்கின்றன என்பதை, எழுதிப் படித்து அறிவதிலும் ஒரு விடுமுறை நாளிற் செய்து அறிவது நன்கு பதியும்.

வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு காரியத்தில் இறங்குவோன் சீர்தூக்க வேண்டியவற்றுள் துணையின் வலிமையையும் அவர் சேர்த்தார் என்பது சிந்திக்கத்தக்கது. 300ஏ ஐ வாங்கிய இருவரில் ஒருவர் 450 ஐப் பெற்றார். மற்றவர் தம் கோப்புக்களை இழந்தார். இருவர் கையிலும் இருந்த புரொசெசர் ஒன்றே, துணை வேறு. பரீட்சைப் புள்ளியையும் பத்திரத்தையும் கொண்டு ஓர் இளைஞனின் எல்லையைக் குறித்துவிடும் பழக்கம் எம்மிடையே உண்டு. அவ்விலக்கம் அவனைச் சோதித்த அன்றைய நிலையைச் சொல்லலாம். அவனுக்கு எத்தகைய பலகை வாய்த்தது என்பதை அது சொல்வதில்லை. இச்சங்கம் போன்றவை இருப்பதன் பயன், வலிமை உள்ளோருக்குத் தாங்கும் பலகையாக நிற்பதே என்று நாம் நம்புகிறோம்.

கணினி வாங்கும் எண்ணமுடைய அங்கத்தவர்கள் கூட்டம் முடிந்ததும் எம்மோடு பேசலாம். வாங்குவதற்கு முன் பேசுதல் நன்று.